மீன்பிடித் தடைக்காலத்தில் கொடைக்கானல்: ஆறு பேருக்கு இரண்டு ராத்திரி

பாம்பனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "ஏப்ரல் 15 வந்தால் போட்டைக் கட்டிப்போட்டுவிடுவோம். அம்மா, அப்பா, நாங்கள் ரெண்டு பேர், பிள்ளைகள் ரெண்டு. கொடைக்கானலில் ரெண்டு ராத்திரி தங்கணும். பெரிய ஹோட்டலுக்கெல்லாம் கையில் காசு இல்லை. குறைந்த வாடகையில் குடும்பத்தோடு தங்குகிற மாதிரி எந்த ஹோட்டல் நல்லது, எதைப் பார்த்து எடுக்கணும்?"

எந்த ஹோட்டல் என்று பெயர் சொல்ல மாட்டேன் தம்பி. மலையில் சின்ன ஹோட்டல்கள் நிறைய லீசில் ஓடுகின்றன. போன வருடம் பளிச்சென்று இருந்த இடம் இந்த வருடம் வேறு ஆள் கையில் இருக்கும், பெயர்ப்பலகை மட்டும் அப்படியே இருக்கும். ஆனால் எதைப் பார்த்து எடுக்கணும் என்பதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. நான் ராமேஸ்வரத்தில் 12 அறை வைத்து லாட்ஜ் நடத்துகிறவன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து என்னென்ன பேசுவோம், எதைப் பேசாமல் விடுவோம் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. அதோடு நானே ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன்.

2011 மே மாதம். அம்மா, வீட்டுக்காரி, பிள்ளைகள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு ராத்திரி எட்டு மணிக்குப் போய் இறங்கினோம். ரிசப்ஷன் ரோட்டு மட்டத்தில் நல்ல வெளிச்சமாக இருந்தது. வாடகை 900 ரூபாய் என்றதும் யோசிக்காமல் கொடுத்துவிட்டேன். பையன் சாவியை எடுத்துக்கொண்டு மேலே போவான் என்று பார்த்தால் கீழே இறங்குகிறான், ஒரு மாடி, இன்னொரு மாடி. மலைச்சரிவில் கட்டிய கட்டடம் அப்படித்தான் இருக்கும், ரோட்டில் நின்று பார்த்தால் ஒரு மாடி, பள்ளத்தில் நின்று பார்த்தால் நாலு மாடி. எங்களுக்குக் கொடுத்தது ரோட்டுக்குக் கீழே இரண்டாவது தளம். பின்சுவர் முழுக்க மண்ணுக்குள் இருக்கிறது, அந்தச் சுவருக்கு வெயில் என்றால் என்னவென்றே தெரியாது. கையை வைத்தால் ஈரம் ஒட்டுகிறது. கம்பளியை விரித்ததும் ஒரு வாடை வந்தது பாருங்கள், காயாத வலையைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டு நாலு நாள் கழித்துப் பிரித்தால் வருமே, அதே வாடை. அம்மாவுக்கு இளைப்பு உண்டு. விடிய விடியக் கட்டிலில் உட்கார்ந்தே இருந்தது. காலையில் வேறு அறை கேட்டால் சீசன், காலி இல்லை என்றார்கள். அதுவும் பொய் இல்லை.

அதனால் போனில் முதலில் கேட்க வேண்டியது வாடகையை இல்லை. "அறை ரோட்டுக்கு மேலேயா கீழேயா?" என்று கேளுங்கள். "கிரவுண்ட் ஃப்ளோர்" என்று பதில் வந்தால் விடாதீர்கள், மலையில் அந்த வார்த்தைக்கு அர்த்தமே கிடையாது. பின்சுவர் மண்ணை ஒட்டி இருக்கிறதா, ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது, காலை வெயில் உள்ளே வருமா, இவ்வளவும் கேளுங்கள். ஏரி தெரியும் அறை, பள்ளத்தாக்கு தெரியும் அறை என்று தனி ரேட் சொல்வார்கள். அதற்குக் காசு கொடுக்க வேண்டாம். மத்தியானத்துக்கு மேல் பெரும்பாலும் மேகம் வந்து ஜன்னலை மூடிவிடும், வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆனால் கிழக்குப் பார்த்த ஜன்னலுக்கு நூறு இருநூறு கூடக் கொடுக்கலாம், வெளியே தெரிவது மாட்டுக்கொட்டகையாக இருந்தாலும் சரி. வெயில் பட்ட அறையில்தான் படுக்கை காய்ந்திருக்கும். நம் ஊரில் உப்புக்காற்று பைப்பையும் கம்பியையும் தின்னுகிறது. அங்கே ஈரம் மெத்தையையும் சுவரையும் தின்னுகிறது. வருடா வருடம் நாங்கள் பெயிண்ட் அடிப்பது போல அவர்களும் அடித்தாக வேண்டும், அடிக்காத ஹோட்டல்தான் மலிவாக இருக்கும்.

அடுத்தது வெந்நீர். "24 மணி நேரமும் ஹாட் வாட்டர்" என்று எல்லாரும்தான் போடுகிறார்கள். அதை ஒரு கணக்காகப் பாருங்கள். பாத்ரூமில் தொங்குகிற கீசர் சாதாரணமாக 15 லிட்டர், 2 கிலோவாட். மலையில் குழாய்த் தண்ணீர் 15 டிகிரி என்று வையுங்கள். அதை 60 டிகிரிக்குக் கொண்டுவர 24 நிமிடம் ஆகும் (நம் ஊர்த் தண்ணீர் 28 டிகிரியில் கிடக்கிறது, அதே கீசர் 17 நிமிடத்தில் சுட வைத்துவிடும்). குளிக்கிற சூட்டுக்குப் பச்சைத் தண்ணீர் கலந்தால் ஒரு கீசருக்கு ஒன்றரை வாளிதான் தேறும். ஆறு பேருக்கு ஆளுக்கொரு வாளி என்றாலும் நாலு தடவை சுட வைக்க வேண்டும், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போய்விடும். இதில் ஹோட்டல்காரர் காலை ஆறிலிருந்து எட்டு வரைதான் லைன் கொடுப்பேன் என்றால், நடுவில் ஒரு கரண்ட் கட் வந்தால், கடைசியில் நிற்பவர் பச்சைத் தண்ணீரில்தான். எங்கள் வீட்டில் கடைசியில் நின்றது நான்.

ஆகவே வெந்நீர் உண்டா என்று மட்டும் கேட்காதீர்கள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, அறைக்குத் தனி கீசரா, வாளியில் கொண்டுவந்து தருவார்களா, வாளிக்குக் காசு உண்டா என்று கேளுங்கள். வாளியில் தருகிற இடத்தை மட்டமாக நினைக்க வேண்டாம். விறகு பாய்லர் வைத்திருக்கும் பழைய ஹோட்டலில் காலையில் கொதிக்கக் கொதிக்க ரெண்டு வாளி கிடைக்கும், கரண்ட் போனாலும் கவலை இல்லை. சோலார் என்று சொன்னால் மட்டும் சாயங்காலமே குளித்துவிடுங்கள், மேகம் மூடிய நாளுக்கு மறுநாள் காலையில் அதை நம்ப முடியாது.

இன்னொரு கூத்து. நம் உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே நுரைக்காது. நாமும் நாலு இழுப்பு கூடத் தேய்த்தே பழகிவிட்டோம். மலைத் தண்ணீரில் அதே மாதிரி தேய்த்தால் நுரை போகவே போகாது, வழவழ என்று ஒட்டிக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் அதைக் கழுவுகிறேன் என்று இருக்கிற வெந்நீரையெல்லாம் கொட்டித் தீர்த்துவிடுவார்கள். சோப்பைக் காட்டினால் போதும் என்று முதலிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள்.

விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாத ஒன்று: கேஸ் கீசர். சில ஹோட்டல்களில், அதைவிட அதிகமாக வீட்டை மாற்றி வாடகைக்கு விடும் இடங்களில், கேஸ் கீசரை பாத்ரூமுக்குள்ளேயே மாட்டியிருப்பார்கள். குளிருக்குப் பயந்து ஜன்னலையும் வென்டிலேட்டரையும் அடைத்துக்கொண்டு குளித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாடை கிடையாது, நிறம் கிடையாது, தலை சுற்றுகிறது என்று உணர்வதற்குள் ஆள் விழுந்துவிடுவார். கீசர் வெளியே இருந்தால் பரவாயில்லை, உள்ளே இருந்தால் அந்த அறையே வேண்டாம். கரி அடுப்பு விஷயமும் இதேதான். குளிர் காய்கிறேன், கோழி சுடுகிறேன் என்று வெளியே மூட்டிய கரி அடுப்பை அணைந்துவிட்டது என்று நினைத்து அறைக்குள் எடுத்துவந்து கதவைச் சாத்திப் படுத்தால் காலையில் எழுந்திருக்க மாட்டார்கள். கொடைக்கானலிலேயே அப்படி உயிர் போயிருக்கிறது.

சரி, இப்போது தேதி. தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். கொடைக்கானலுக்கு உச்ச சீசனும் கிட்டத்தட்ட அதே ரெண்டு மாதம்தான். விசைப்படகுக்காரர்களுக்கு வருடத்தில் வேறு நேரம் கிடைக்காது என்பது புரிகிறது. ஆனால் அந்த 61 நாளுக்குள்ளேயே நாள் பார்க்கலாம். பள்ளிப் பரீட்சை முடிந்து எல்லாரும் கிளம்புவதற்குள், பிள்ளைகள் சின்ன வகுப்பாக இருந்து சீக்கிரம் முடிந்துவிட்டால், ஏப்ரலிலேயே போய்விடுங்கள். மே பிற்பகுதியில் பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி போடுவார்கள், அந்த வாரம் பக்கமே போக வேண்டாம். எந்த வாரமானாலும் ஞாயிறு மத்தியானம் உள்ளே நுழைந்து செவ்வாய்க்கிழமை வெளியே வருகிற மாதிரி வையுங்கள். மதுரை, திண்டுக்கல் கூட்டம் ஞாயிறு மத்தியானம் இறங்க ஆரம்பித்துவிடும், அந்த நேரத்தில் கவுண்டரில் இருப்பவருக்குக் கொஞ்சம் இளகிய மனசு வரும். ஆகஸ்டில் 1,100 ரூபாய்க்கு எடுத்த அறையை மே மாதச் சனிக்கிழமை 3,000 என்று என்னிடமே சொன்னார்கள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 1,800க்கு வந்தது. இதில் கோபப்பட எனக்கு வாய் இல்லை, ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் நாங்கள் வாங்குவது என்ன என்று உங்களுக்கே தெரியும்.

சொந்த வண்டியோ வாடகை வேனோ எடுத்தால் இ-பாஸ், அதாவது மலைக்கு வண்டி ஏற ஆன்லைனில் எடுக்கும் அனுமதிச் சீட்டு, கட்டாயம். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இது இருக்கிறது, காசு கிடையாது, போனிலேயே எடுக்கலாம். 2025 சீசனில் வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். எனவே அறைக்கு அட்வான்ஸ் போடும் முன்னால் பாஸை எடுங்கள், பாஸ் இல்லாமல் போட்ட அட்வான்ஸைத் திருப்பி வாங்குவது குதிரைக்கொம்பு. அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு பாஸ் வேண்டாம். ஆனால் நம் பக்கத்து பஸ் மாட்டுத்தாவணியில் இறக்கிவிடும், கொடைக்கானல் பஸ் ஆரப்பாளையத்தில் இருந்து கிளம்பும், ஆறு பேர் மூட்டை முடிச்சோடு மதுரையைக் குறுக்கே கடக்க வேண்டும். அதற்குப் பிறகும் நாலு மணி நேரம் போல ஆகும். வேன் என்றால் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி, வத்தலக்குண்டில் இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பூரி பொங்கல் சாப்பிட்டுவிட்டு வளைவு ஏறினால் என்ன ஆகும் என்று வேன்காரரைக் கேளுங்கள், அவர் சொல்வார். கடலில் எந்த அலைக்கும் அசராத ஆட்கள் அந்த மலைப்பாதையில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு வருவதை நான் பார்த்திருக்கிறேன். ராத்திரியில் ஏற வேண்டாம்.

ஏறியதும் வெள்ளி நீர்வீழ்ச்சி தாண்டி ஊருக்குள் போகப் போக வண்டி நம்பரைப் பார்த்துவிட்டுப் பையன்கள் பைக்கில் கூடவே வருவார்கள், "ரூம் வேணுமா சார், காட்டேஜ் இருக்கு சார்" என்று. அவர்களைத் திட்ட வேண்டாம், பிழைப்பு. ஆனால் அவர்கள் காட்டும் அறைக்கு நீங்கள் கொடுக்கும் வாடகையில் ஒரு பங்கு அவர்களுக்குப் போகிறது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் ஆட்டோக்காரர்களுக்குக் கொடுக்கிறேன், அதை உங்கள் வாடகையில் இருந்துதான் கொடுக்கிறேன். அதே ஹோட்டலுக்கு நேராகப் போய், யாரும் கூட்டிவரவில்லை என்று சொல்லிக் கேட்டால் குறையும்.

எந்த இடத்தில் எடுப்பது? பெரியவர்கள் கூட வருவதால் பஸ் ஸ்டாண்டு, அண்ணா சாலை பக்கம் எடுங்கள் என்பேன். சத்தம் இருக்கும், வண்டி நிறுத்த இடம் இருக்காது, ஆனால் மாத்திரை வாங்க, பால் வாங்க, சாப்பிட, எல்லாம் நடந்து போகும் தூரம். நாயுடுபுரம் கொஞ்சம் மலிவு, வேன் இருந்தால் அங்கே பாருங்கள். பெருமாள்மலை, அட்டுவம்பட்டி பக்கம் இன்னும் குறையும், ஆனால் ஒவ்வொரு டீக்கும் வண்டி எடுக்க வேண்டும். வட்டக்கானல் இளவட்டங்களுக்கு, அப்பாவின் முட்டிக்கு இல்லை. "ஏரியில் இருந்து அஞ்சு நிமிஷ நடை" என்று யாராவது சொன்னால் அது இறங்குவதற்கு அஞ்சு நிமிடம். ஏறுவதற்கு எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். ஊரே சுமார் 2,100 மீட்டர் உயரம், நம் கடற்கரையில் இருந்து ஒரே நாளில் ஏறினால் பத்துப் படிக்கே மூச்சு வாங்கும். முதல் நாள் பெரியவர்களை எங்கேயும் இழுத்துக்கொண்டு அலைய வேண்டாம்.

ஓரமான இடத்தில் எடுத்தால் இருட்டிய பிறகு சும்மா நடந்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போக வேண்டாம். காட்டுமாடு ஊருக்குள் சாதாரணமாக வரும், தெருவிளக்கு இல்லாத இடத்தில் கருப்பாக நிற்கும், கிட்டே போகும்வரை தெரியாது. பகலில் குரங்கு. ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுப் போனால் பிஸ்கட் பாக்கெட் மட்டும் போகாது, மாத்திரைப் பையும் போகும்.

பணம் பேசும்போது ஆள் எண்ணிக்கையை மறைக்காதீர்கள். நாலு பேர் என்று சொல்லி ஆறு பேராக இறங்கினால், அங்கேயே எக்ஸ்ட்ரா பெட் என்று ஆளுக்கு முந்நூறு நானூறு போடுவார்கள், அப்போது மறுத்துப் பேச முடியாது. ஆறு பேருக்கு ஒரு பெரிய ஃபேமிலி ரூமா, ரெண்டு டபுள் ரூமா என்றால் நான் ரெண்டு ரூம்தான் எடுப்பேன். காரணம் மேலே சொன்ன கணக்குதான்: ரெண்டு அறை என்றால் ரெண்டு கீசர், ரெண்டு கக்கூஸ். செக்-அவுட் நேரத்தைக் கேளுங்கள். நம் பக்கம் பல லாட்ஜில் 24 மணி நேரக் கணக்கு, அங்கே மத்தியானம் உள்ளே விட்டுக் காலை பத்து மணிக்கு வெளியே அனுப்பும் இடங்கள் உண்டு, வாடகை மட்டும் முழு நாளுக்கு. பில்லில் ஜிஎஸ்டி என்று போட்டால் 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய்க்குள் உள்ள அறைக்கு 5 சதவீதம்தான், பழைய 12-ஐயே இன்னும் போடுகிறார்களா என்று பாருங்கள். பெரியவர்கள் எல்லாருக்கும் ஆதார் அசல் எடுத்துப் போங்கள். முன்பணம் ஒரு நாள் வாடகைக்கு மேல் போட வேண்டாம், போடும் முன்னால் "அந்த அறையையே ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க, பாத்ரூமையும் சேர்த்து" என்று கேளுங்கள். உண்மையான ஆள் ரெண்டு நிமிடத்தில் அனுப்பிவிடுவார்.

சாப்பாடு விஷயத்தில் நம் ஆட்கள் செய்யும் ஒரு காரியம்: செலவைக் குறைக்கிறேன் என்று அரிசி, அடுப்பு, கருவாடு எல்லாம் கட்டிக்கொண்டு போவது. ஹோட்டல் அறையில் சமைக்க விட மாட்டார்கள். திருட்டுத்தனமாக இண்டக்ஷன் அடுப்பு போட்டால் டிரிப் ஆகி அந்த வரிசைக்கே கரண்ட் போகும். கருவாட்டை வாணலியில் போட்டீர்கள் என்றால் மூணு மாடிக்கும் நீங்கள் எந்த ஊர் என்று தெரிந்துவிடும். சமையல்கட்டோடு காட்டேஜ் எடுத்தால் சமைக்கலாம், ஆனால் குக்கர் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பானையில் சோறு வேக ரொம்ப நேரம் பிடிக்கும், பருப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கடல் மீனைத் தேடி அலையாதீர்கள், அங்கே விற்பது நம் மீனுக்குச் சித்தி மகன் கூட இல்லை. ஞாயிறு சந்தையில் பட்டர் ஃப்ரூட், மலைப்பூண்டு, கேரட் வாங்குங்கள், அது நன்றாக இருக்கும். தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில் எடுத்துப் போங்கள், 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில் தடை, பிடித்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி.

சுவேட்டர் எல்லாருக்கும் புதிதாக வாங்க வேண்டாம், பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் குல்லாவும் சாக்ஸும் போதும், மிச்சம் கம்பளி பார்த்துக்கொள்ளும். ஆளுக்கு ரெண்டு துண்டு எடுங்கள், துவைத்துப் போட்டது ரெண்டு நாளானாலும் காயாது. நம் ஊரில் அரை மணி நேரத்தில் முறுக்கு மாதிரி காய்ந்துவிடும் என்ற நினைப்பில் ஒன்றோடு போய், ஈரத் துண்டை முகர்ந்து பார்த்துக்கொண்டு நின்றவன் நான்.

அப்புறம், அறைக்குள் நுழைந்ததும் உங்கள் பிள்ளைகள் ஃபேன் சுவிட்சைத் தேடும், இருக்காது. பல ஹோட்டல்களில் மேலே கொக்கி கூட இல்லை. பிறந்ததில் இருந்து ஃபேன் சத்தத்திலேயே தூங்கியவர்கள். எங்கள் சின்னவன் முதல் ராத்திரி பதினோரு மணி வரை "சத்தமே இல்லை, தூக்கம் வரலை" என்று புரண்டுகொண்டே கிடந்தான். பிறகு அவன் அக்கா போனில் ஃபேன் ஓடும் சத்தத்தை எங்கேயோ தேடி எடுத்துத் தலையணைக்கடியில் வைத்தது. அஞ்சு நிமிடத்தில் தூங்கிவிட்டான்.